ரிப்போர்ட்டுக்கு முந்திய சாட்சி

என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. ஏலக்காட்டில் கங்காணி திட்டினாலும் தலையாட்டுவார், வீட்டில் நான் திட்டினாலும் தலையாட்டுவார். அப்படிப்பட்ட மனிதர் போன வருடம் ஒரு ஞாயிறு ஆராதனையில், "கர்த்தர் செஞ்ச நன்மைக்குச் சாட்சி சொல்றவங்க எழும்பலாம்" என்று போதகர் சொன்னதும் எழுந்து நின்றார். எனக்குப் பகீரென்றது.

அந்த வாரம்தான் என் மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வியாழக்கிழமைதான் வரும். வரிசையாகச் சுவரொட்டிய எங்கள் எஸ்டேட் லயத்தில் முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் ஸ்தோத்திரம் சொல்வார்கள். அங்கே இதை மூடி மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் தொண்டையைச் செருமினார். "என் வீட்டுக்காரிக்கு நெஞ்சுல ஒரு கட்டி. கர்த்தர் சுகமாக்கிட்டாரு. அவருக்கே மகிமை" என்று சொல்லிவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். சபை அல்லேலூயா என்றது. பெண்கள் பக்கத்தில் ஆளாளுக்கு என் முதுகைத் தடவினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எருமை வாங்குமுன்ன நெய்க்கு விலை பேசுவீகளோ? ரிப்போர்ட் கெட்டதா வந்தா யார் பொய் சொன்னதா ஆகும், நீங்களா, கர்த்தரா?"

தலையாட்டினார்.

சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். "ஸ்தோத்திர விருந்து எப்ப புள்ள? கோழியா, ஆடா?" பயத்தில் எனக்குத் தண்ணீரே இறங்கவில்லை, இவளுக்கு ஆடு வேண்டுமாம். பின்னாலேயே போதகரும் வந்து நீளமாக நன்றி ஜெபம் செய்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இவங்க சொல்றத நம்பிராதேயும், எனக்கு இன்னும் ஒண்ணும் சுகமாகல" என்று தனியாக ஒரு ஜெபம் செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை தேனிக்கு இறங்கும் பஸ்ஸில், "ஏன் அப்படிச் சொன்னீக?" என்று மறுபடியும் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "ஜெபம் பண்ணச் சொல்லிக் கேக்கத்தான் எழும்புனேன். கட்டின்னு சொன்னதும் அழுகை முட்டிட்டு வந்துச்சு. நான் அழுதா நீ பயந்துருவியேன்னு, சுகமாயிட்டுன்னு சொல்லி உக்காந்துட்டேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புற்றுதான், ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, ஆபரேஷன் செய்யலாம் என்றார். வெளியே வந்ததும் இவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கர்த்தர் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேனே. அதுக்குத்தான் இப்படி."

"ஆமா, உங்க ஒரு வார்த்தைக்காக எனக்கு வியாதி குடுக்க அவருக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்றேன். "நீங்க சொன்னது பொய்யில்ல. கொஞ்சம் முந்திட்டீக. கர்த்தர் பின்னால வருவாரு. எந்திரிங்க, தேதி வாங்கணும்." அவர் வருவாரா என்று எனக்கும் பயம்தான்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். "எனக்கு இன்னும் சுகமாகல. ஆபரேஷன் இருக்கு. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க" என்று சொல்ல நினைத்திருந்தேன். 'இன்னும்' என்றதுமே எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதோடு நின்றுவிட்டேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் எழுந்தார். அத்தனை பேர் பார்க்க, பெண்கள் உட்கார்ந்திருந்த பாய்களைத் தாண்டி வந்து, என் பக்கத்தில் நின்று, மீதியைச் சொன்னார்.