அம்மா சுட்ட கலியாணப் பலகாரம்

ஐயா மலாயாவிலிருந்து எழுதிய கடைசிக் கடிதம் 1941 மார்கழி நடுவில் வந்தது. அங்கே என் தகப்பனார் கிளாக்கராக இருந்தார். மாசியில் சிங்கப்பூர் விழுந்ததும் மணியோடரும் நின்றது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து நான் பெற்ற சம்பளம் அம்மா, இரண்டு தங்கைகள், நான் என்ற நான்கு பேருக்குப் போதவில்லை.

பங்குனிக் கடைசியில் கொழும்பில் குண்டு விழுந்தது. உத்தியோகக் குடும்பங்கள் பல எங்கள் நல்லூருக்குத் திரும்பி வந்தன. அவர்கள் வீடுகளில் கலியாணங்கள் நடந்தன. கூடியிருந்து பலகாரம் சுட இனசனம் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்துத்தான் பலகாரச் சூடு. முதல் பணியாரத்தை எண்ணெயில் போடுவது சுமங்கலியின் கையாக இருக்கவேண்டும். அம்மாவின் கைப்பக்குவம் ஊரறிந்தது. வைகாசி முதல் வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம் பயறும் கூப்பன் சீனியும் கொண்டுவந்து எங்கள் குசினியில் வைத்தது. அப்படித்தான் தொழில் தொடங்கியது.

வறுத்த பயற்றை நான் இடிப்பேன். தங்கைகள் பாகில் குழைத்து உருட்டுவார்கள். மாவில் தோய்த்துப் பொரிப்பது அம்மா மட்டும். எந்த நாளில் எந்த வீட்டுக்குச் சுட்டோம் என்று டயறியில் குறித்துவந்தேன்.

1944 தையில், மணமகளின் மாமி ஒருவர் குசினி வாசலில் நின்றார்.

"ரெண்டு வருசமாக் கடிதமில்லை. அவர் இருக்கிறாரெண்டு ஆருக்குத் தெரியும்? பணியாரம் போட வேறை ஆரையும் பாத்திருக்கலாம்."

"சும்மா இருங்கோ மச்சாள்," என்றார் மணமகளின் தாய்.

அம்மா உருண்டையை மாவில் தோய்த்தபடியே சொன்னார்: "அவருக்குச் சண்டையில்லாத காலத்திலையும் கடிதம் எழுதப் பஞ்சி, சோம்பல்தான். வரட்டும், உங்கடை வீட்டையும் கூட்டிக்கொண்டு வாறன். நீங்களே கேளுங்கோ, ஏன் எழுதேல்லையெண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். முதல் பணியாரம் எண்ணெயில் இறங்கியது. அவர்கள் போனபிறகு அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கையாவது இருந்தால் போதும் பிள்ளை. வராட்டிலும் பரவாயில்லை."

1945 ஐப்பசி முதல் புதன்கிழமை, ஐயாவோடு கந்தோரில் வேலைசெய்த நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. 1943 ஆனியில் ஐயா காய்ச்சலில் இறந்துவிட்டார். நாளும் எழுதியிருந்தது. நான் வாசித்து முடித்தேன். அம்மா அழவில்லை.

"ஆனியெண்டால், அதுக்குப் பிறகு எத்தினை வீட்டுக்குச் சுட்டிருப்பன்?"

டயறியைப் புரட்டினேன். "பதினாலு."

அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமைப் பலகாரச் சூட்டுக்கு இடித்து வைத்திருந்த பயற்றம் மாவை மூத்த தங்கை உரியவர்கள் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். 1944 தையில் மகளுக்குக் கலியாணம் செய்துவைத்த அந்தத் தாயும் வந்தார். மகள் அப்போது ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதவர், கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"கொப்பர் எப்ப பிள்ளை மோசம் போனவர்?"

மற்றப் பெண்களின் அழுகையும் ஓய்ந்தது. அம்மா தலை நிமிரவில்லை.

"போன மாசம், புரட்டாதியிலை," என்றேன்.

புரட்டாதியில் கலியாணம் வைப்பதில்லை. நாங்கள் கடைசியாகச் சுட்டது அதற்கு முந்திய ஆவணியில். அந்தத் தாய் நீளமாக மூச்சு விட்டார். பிறகு முன்னிலும் சத்தமாக அழுதார்.

எல்லாரும் போனபின் அம்மா கேட்டார்: "குருக்களுக்கு இனி எந்தத் திதியைச் சொல்லுறது?"

நான் அந்தக் கடிதத்தை எடுத்து விரித்தேன்.

"நீ சொன்னதையே சொல்லு. கலியாணம் கட்டினதுகள் நல்லாயிருக்கட்டும்."

அடுத்த வருடத்திலிருந்து ஐயாவின் திவசத்தைப் புரட்டாதியில் செய்தோம். குருக்கள் வந்தார், இனசனம் சாப்பிட்டுப் போனது. அந்த முதல் வருடமே, புரட்டாதிக்கு முன் ஆனியில் ஒருநாள், அம்மா எங்களுக்குச் சமைத்துப் பரிமாறிவிட்டு, தனக்கு வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் இருந்தார். நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். பின்னேரம் தொடாமல் ஆறிக் கிடந்த அந்தக் கோப்பையை எடுக்கும்போதுதான் அன்றைய திதி எனக்கு நினைவுக்கு வந்தது.