வழியில் வேனை நிறுத்தியது

ஊரப்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறேன். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விடுவேன். சாயந்திரம் கூட்டி வருவேன். தனி ஆள். ஒரே அறை வீடு.

குடலில் புண் என்று தாம்பரத்தில் டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். காரம் கூடாது, பால் கூடாது, டீ கூடாது, கடைச் சாப்பாடு கூடாது. குழைந்த சோறு, இட்லி, வெந்த சுரைக்காய். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றார். சரி என்றேன்.

சாப்பாட்டை மாற்றியது கஷ்டமில்லை. நானே பொங்கி நானே தின்கிறவன். பயம்தான் கஷ்டம். வயிறு எப்போது கலக்கும் என்று தெரியாது. கலக்கினால் அடக்க முடியாது. வண்டி நிறைய ஆட்கள், பாதிப் பேர் பெண் பிள்ளைகள். நடு ரோட்டில் நிறுத்தி எப்படிச் சொல்வது? ஆபீசுக்குத் தெரிந்தால், நோயாளி டிரைவர் வேண்டாம் என்று வேறு ஆளை வைப்பார்கள். இப்படியே நினைப்பு ஓடும். அந்த நினைப்புக்கே வயிறு கலக்கும்.

அதனால் காலையில் சாப்பிடுவதை விட்டேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி எடுத்தேன். காலி வயிறு கலக்காது என்று கணக்கு. எரிச்சல்தான் அதிகமானது. டாக்டரிடம் சொல்லவில்லை.

கம்பெனி வாசலில் டிரைவர்கள் சேர்ந்து டீ குடிப்போம். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து வாங்குவது. வயிற்று வலி என்று சொல்லி நான் டீயை விட்டதும், என் முறை வந்த அன்று ஒருவன் கேட்டான்.

"இன்னா மச்சான், உன் முறை வந்தா மட்டும் வவுறு வலிக்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். நான் குடிக்கவில்லை.

"வாங்கித் தரான், அவன் மட்டும் குடிக்க மாட்றான் பாரு. டேய், இன்னாத்த கலந்த?"

அதற்கும் சிரித்தார்கள். பிறகு நான் வேனிலேயே உட்கார்ந்துகொண்டேன். யாரும் வந்து கூப்பிடவில்லை.

மழை விட்ட ஒரு காலை. கண்டிகை தாண்டி வண்டிகள் ஊர்ந்தன. வயிற்றை முறுக்கியது. மாம்பாக்கத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே கக்கூஸ் உண்டு. இந்த ரோட்டில் எங்கெங்கே உண்டு என்று எனக்குத் தெரியும். ஒன்றிலும் அதுவரை நிறுத்தியதில்லை.

நிறுத்தினேன். திரும்பிச் சொன்னேன்.

"வயிறு சரியில்லைம்மா. ஒரு அஞ்சு நிமிஷம்."

"ஓகேண்ணா" என்றது முன் சீட்டுப் பெண். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் காதில் பாட்டு.

அஞ்சு நிமிஷத்துக்கு மேலேயே ஆனது. முகம் கழுவிக்கொண்டு வந்து ஏறினேன்.

"அண்ணா, ஏசி கொஞ்சம் கம்மி பண்ணுங்க. குளுருது."

குறைத்தேன். வண்டி எடுத்தேன்.

சிறுசேரியில் கதவைத் திறந்துவிட்டு நின்றேன். இப்போ எப்படி இருக்கு என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். தினமும் போல "தேங்க்ஸ்ணா" என்று இறங்கிப் போனார்கள். ஆபீசிலிருந்து போன் வரவில்லை. வேலையும் போகவில்லை. இதற்குப் பயந்துதான் இத்தனை நாள் பட்டினி கிடந்தேன்.

மறுநாளிலிருந்து இட்லி தின்றுவிட்டு வண்டி எடுக்கிறேன். நிறுத்த வேண்டி வந்தால் நிறுத்துகிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை.