இரண்டு அடுப்பு, ஒரு தோசைக்கல்

ஒரு நாள் விடிகாலை, காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் ரியாஸ்.

“அக்கா, அடுப்பு எரியலக்கா! பிள்ளைக பசிக்குதுன்னு கத்துதுக. என்ன ஓட்டல் புடிச்சுக் குடுத்திருக்கீக?”

பதில் சொல்வதற்குள் இன்னொரு அழைப்பு வந்து நின்றது. அது ரியாஸின் அண்ணன் ஜமால். அவருக்கும் அதே புகார். இருவரும் முதல் நாள் மாலைதான் தாய்லாந்து போய் இறங்கியிருந்தார்கள். ஒரே ஓட்டல், ஒரே மாடி, அடுத்தடுத்த சூட் அறைகள். நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் தட்டி ‘உனக்கு எரியுதா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, இரண்டு பேரும் மதுரையில் இருக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் அன்றைய நிலவரம் அப்படி.

நான் ஸ்டெல்லா. ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் கவுண்டரில் ஆரம்பித்து, இப்போது ஃபேமிலி டூர் பிரிவைப் பார்க்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, தீம் பார்க் ரிசார்ட்டில் கிச்சன் வைத்த சூட்டை எப்படி ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்றுதான். அதற்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இதில் எல்லாமே இருக்கிறது.

1. எலுமிச்சம்பழக் கூடை

ஜமால், ரியாஸ் இருவரின் அம்மா கதீஜாம்மா. பழைய ஊருக்குள் வளையல் கடை வைத்து நடத்துகிறவர். பேரம் பேசுவதில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். பெரியவர் ஜமால் அம்மாவோடு இருக்கிறார். சின்னவர் ரியாஸ் ஒத்தக்கடையில் புது வீடு கட்டித் தனியாகப் போய்விட்டார். போன விதம் சரியில்லை. சமையலறையில் இரண்டு மருமகள்களுக்கும் ஆரம்பித்த பேச்சு, புருஷன்மார் வரைக்கும் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

பள்ளி லீவுக்குப் பிள்ளைகள் தீம் பார்க் கேட்டார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பார்க்கைக் கேட்டதில் கதீஜாம்மாவுக்கு வழி தெரிந்துவிட்டது. நேரே என் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார்.

“ஸ்டெல்லா, எல்லாரும் ஒண்ணாப் போறோம். ஒண்ணாத் தங்கணும். சமையக்கட்டு வேணும். ஆனா ஒரே அடுப்பா இருக்கணும்.”

“ஏம்மா, ரெண்டு இருந்தா வசதிதானே?”

“ரெண்டு அடுப்பு இங்கேயே எரியுதே. அதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இரண்டு மகன்களும் மறுபடி ஓர் அடுப்பில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பார்க்கெல்லாம் பிள்ளைகளுக்கு.

மறுநாள் ரியாஸ் போன் செய்தார். “அக்கா, அம்மாட்ட சொல்லாதீக. எங்களுக்குத் தனியாப் போட்ருங்க.” ஒரு மணி நேரம் கழித்து ஜமாலும் அதையே சொன்னார். ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது?

மூன்று ரிசார்ட்டைப் பார்த்தேன். முதலாவது, பார்க் வாசலிலேயே இருந்தது. ‘விசாலமான சூட், கிச்சன் வசதியுடன்’ என்று போட்டிருந்தான். படத்தில் பளபளவென்று ஒரு மேடை, அதன்மேல் ஒரு கூடை எலுமிச்சம்பழம். இதை நன்றாக நினைவில் வையுங்கள். எலுமிச்சம்பழக் கூடையைப் படமெடுத்துப் போடுகிற ஓட்டலில் பெரும்பாலும் அடுப்பு இருக்காது. மைக்ரோவேவும் கெட்டிலும்தான் இருக்கும்.

அதனால் நான் எந்த ஓட்டலுக்கும் போன் போட்டு ஒரே கேள்விதான் கேட்பேன். காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாய் வற்றலும் போட்டால் உங்கள் ஸ்மோக் அலாரம் என்ன செய்யும்? அதாவது, தாளிக்கலாமா? சதுர அடியையும் நட்சத்திரத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் ரிசார்ட்டில் அந்தப் பெண் பதறிப்போய் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டாள். அந்த ஓட்டலைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் மூன்று பெட்ரூம், ஒரு பெரிய ஹால், ஒரே கிச்சன், தாளிக்கிற புகையை இழுக்க எக்ஸாஸ்ட் விசிறி. கதீஜாம்மாவுக்காகவே கட்டியது மாதிரி இருந்தது. ஆனால் ஒரு சூட்டில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். இவர்களோ பத்துப் பேர். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை.

மிஞ்சியது மூன்றாவது. பார்க்குக்கு நடந்தே போகலாம். இரண்டு பெட்ரூம் சூட் இரண்டு, அடுத்தடுத்து, நடுவில் இன்டர்கனெக்டிங் கதவு. ஆனால் ஒவ்வொரு சூட்டிலும் ஒரு கிச்சன்.

2. பூட்டு யார் பக்கம்?

விஷயத்தைச் சொன்னதும் கதீஜாம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கே சங்கடமாகப் போயிற்று.

“நடுவுல கதவு இருக்குல்ல? பூட்டு யாரு பக்கம்?”

கடைக்காரர் கேட்கிற கேள்வி அது. நானும் உள்ளதைச் சொன்னேன். இந்த மாதிரிக் கதவு உண்மையில் இரண்டு கதவு. ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அவரவர் பக்கக் கதவுக்கு அவரவர் பக்கம்தான் தாழ்ப்பாள். இரண்டு பேரும் திறந்தால்தான் வழி. ஒருவர் மட்டும் திறந்தால் எதிரே இன்னொரு கதவுதான் தெரியும்.

“அப்ப நம்ம வீடேதான்,” என்றார் கதீஜாம்மா. “சரி, போடு. அல்லா பாத்துக்குவான்.”

ஓட்டல் பாத்திரத்தில் அவர்கள் சமைக்க மாட்டார்கள். “யாரு என்னத்த ஆக்குன சட்டியோ!” என்றார். அதனால் பாத்திரமெல்லாம் வீட்டிலிருந்தே. ஓட்டலில் விசாரித்ததில் சாதாரணக் கம்பிச்சுருள் கரண்ட் அடுப்பு என்றார்கள். எந்தப் பாத்திரமும் வைக்கலாம். ஜமாலின் மனைவி நிலோஃபர் ஒரு பெட்டி கட்டினார். ரியாஸின் மனைவி ஷபானா இன்னொரு பெட்டி கட்டினார். இரண்டிலும் அலுமினியச் சட்டி, அலுமினியக் குக்கர், எவர்சில்வர் கிண்ணி. கதீஜாம்மா தன் பெட்டியில் துணிக்கு அடியில் இரும்புத் தோசைக்கல்லை வைத்துக்கொண்டார். ஏர்போர்ட்டில் அதை எடுத்துப் பார்த்துத் தட்டியெல்லாம் பார்த்தார்களாம்.

3. கான்ஃபரன்ஸ் கால்

இப்போது அந்த விடிகாலைக்கு வருவோம். இருவரும் மாறி மாறிக் கத்தியதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு அழைப்பையும் கான்ஃபரன்ஸில் சேர்த்துவிட்டேன்.

“ஜமாலண்ணே, அடுப்பு எப்படி இருக்கு? கம்பிச்சுருளா?”

“இல்லம்மா. கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு. சட்டிய வச்சா கீ கீன்னு கத்துது.”

இன்டக்ஷன்! இடையில் கிச்சனைப் புதுப்பித்திருக்கிறார்கள், நமக்குச் சொல்லவில்லை. அலுமினியம் அதில் சூடேறாது.

“ரெண்டு பேரும் கேளுங்க. ஃபிரிட்ஜ் கதவுல மெனு அட்டை ஒட்டியிருக்கும். அதுல இருக்கற காந்தத்த எடுத்து ஒவ்வொரு பாத்திரத்து அடியிலயும் வச்சுப் பாருங்க. ஒட்டுனா சமைக்கலாம். ஒட்டலைன்னா முடியாது.”

இரண்டு சூட்டிலும் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது.

“எங்களுக்கு ஒண்ணுமே ஒட்டலக்கா,” என்றார் ரியாஸ். “அவுகளுக்கு ஒட்டுதான்னு கேளுங்க.”

ஜமாலும் அதே லைனில்தான் இருக்கிறார். “நீங்களே கேளுங்க தம்பி,” என்றேன்.

கேட்கவில்லை. ஜமால்தான் பொதுவாகச் சொன்னார். “அம்மாவோட தோசைக்கல் மட்டும் ஒட்டுது.”

ரியாஸ் உடனே, “அக்கா, கீழ கடை இருக்கா? நாங்க ரெண்டு சட்டி வாங்கிக்கிறோம்” என்றார்.

கடை இருந்தது. ஓட்டலை ஒட்டியே ஒரு மால். அங்கே இன்டக்ஷன் சட்டி வேண்டுமட்டும் கிடைக்கும். கஸ்டமர் கேட்டால் உள்ளதைச் சொல்வதுதான் என் வேலை. ஆனால் கதீஜாம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

“இருக்கு தம்பி. பத்து மணிக்குத்தான் தொறப்பான்.”

அதுவும் உண்மைதான்.

“பத்து மணி வரைக்கும் பிள்ளைக பட்டினியா கெடக்குறதா?” என்று பின்னால் ஷபானாவின் குரல். “உங்க ரோசத்தத் தூக்கி அந்த அடுப்புல வைங்க, எரியுதான்னு பாப்போம்.” பிறகு செருப்புச் சத்தம். தாழ்ப்பாளைத் தள்ளுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

“என்னக்கா, உங்க பக்கம் தொறந்தே கெடக்கு?” என்று ஷபானா கேட்பது இரண்டு போனிலும் சேர்ந்து விழுந்தது.

“நேத்து வந்ததுமே தொறந்து வச்சிட்டேன்,” என்றார் நிலோஃபர். “உன் கதவத் தட்டத்தான் கூச்சமா இருந்துச்சு. மாவு கரைச்சாச்சு, வா. எத்தன பிள்ளைக்கு மொதல்ல ஊத்தணும்?”

யாருக்கும் போனை அணைக்கத் தோன்றவில்லை. கல்லில் மாவு விழுந்து உஸ்ஸென்று இழுபடுவது இங்கே மதுரை கோச்சடையில் என் சமையலறை வரை கேட்டது. நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அதற்குள் என் பால் பொங்கி வழிந்து, எரிந்துகொண்டிருந்த ஒரே கேஸ் அடுப்பையும் அணைத்திருந்தது.

4. புதிய கட்டம்

திரும்பி வந்ததும் கதீஜாம்மா ஆபீசுக்கு வந்தார். ஓட்டல் விஷயமாகச் சண்டை போடுவார் என்று அவர்களிடம் மன்னிப்புக் கடிதமெல்லாம் வாங்கி வைத்திருந்தேன். அவர் அதை மடித்து விசிறிக்கொண்டார்.

“பத்து மணிக்குக் கடைக்குப் போனாங்களாம்மா?”

“எங்க போனாங்க? எல்லாரும் பார்க்குக்கு ஓடிட்டாங்க. சாயங்காலம் கறி வாங்கியாந்து கறி தோசை. மறுநாள் முட்டை தோசை. இருந்த அம்புட்டு நாளும் அந்த ஒரு கல்லுதான். ஒருத்தி ஊத்த, ஒருத்தி திருப்ப, ஜமாலும் ரியாஸும் தட்டேந்திக்கிட்டு நிக்குறானுக.”

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ரியாஸ் ஒத்தக்கடையில்தான் இருக்கிறார். அண்ணனும் தம்பியும் இப்போதும் அளந்துதான் பேசுகிறார்கள். ஆனால் பேசுகிறார்கள்.

தொழிலுக்கான பாடம் எளிது. கிச்சன் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள், தாளிக்கலாமா என்று கேளுங்கள். எந்த வகை அடுப்பு என்பதைக் கிளம்புவதற்கு முன் இன்னொரு முறை கேளுங்கள். கஸ்டமரிடம் ஒரு காந்தம் கொடுத்தனுப்புங்கள். நான் இப்போது எல்லோருக்கும் ஒன்று கொடுக்கிறேன்.

இன்னொன்றை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஷபானா. அடுத்த லீவுக்கு இடம் பார்க்கச் சொல்லிப் போன் செய்தார். இந்த முறை மூன்று ரிசார்ட்டும் நன்றாகவே இருந்தன. ஒன்றில் பத்துப் பேரும் தங்கலாம், ஒரே கிச்சன். சந்தோஷமாக அதைச் சொன்னேன்.

“அது வேணாங்க்கா,” என்றார் ஷபானா. “ரெண்டு அடுப்பே இருக்கட்டும், ஒண்ணும் குத்தமில்ல. நடுவுல அந்தக் கதவு இருக்கற ஓட்டலாப் பாருங்க. இந்தத் தடவ எங்க பக்கத்த நான் மொதல்ல தொறக்கணும்.”