வெள்ளைக் கோட்டில் வந்தவர், கைலியில் திரும்பினார்

முப்பதுகளின் தொடக்கத்தில், ரப்பர் விலை தரைமட்டத்துக்கு விழுந்து கிடந்த சமயத்தில் நடந்தது இது. மலாயாவின் ஜோகூரில், மாசாய்ப் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் பிரசவம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அங்கே பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் நான் 'மிஸ்ஸி'தான்.

மரம் சீவ ஆள் வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டலாம். மாட்டை என்ன செய்வது? விற்கலாமென்றால் வாங்குகிற நிலையில் யாருமில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் லாரியில் ஏறினார்கள். அந்த மாடுகளோ சாயங்காலமானால் வழக்கம்போல தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, வந்து, பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நின்று கத்தும். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சோறு சாப்பிட முடியவில்லை.

என்னைப் போலவே இன்னும் இரண்டு பேருக்கும் முடியவில்லை. ஒருவர் தோட்டத்து மாட்டுவண்டிக்காரர். அவருடைய வேலையும் போயிருந்தது. மற்றவர் பக்கத்து மலாய்க் கிராமத்தில், கம்பத்தில், இருந்த மலாய்க்கார அம்மா. அவரை எல்லோரும் மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். ஆற்றோரமாகத் தமக்கிருந்த காலி நிலத்தை அவர் எங்களுக்கு விட்டுக் கொடுத்தார். வண்டிக்காரர் மாடுகளை அங்கே ஓட்டி வந்தார். சங்கம் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் இருந்தது இவ்வளவுதான்.

புல்லுக்கு அங்கே பஞ்சமில்லை. பயமெல்லாம் புலிக்குத்தான். மழைக்காலத்தில் ஒரு கிடாரியை அடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. கெட்டியான பலகை வேலியும் தகரக் கூரையும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகப் போகும். இதைத் தெரிந்துகொண்டு ஒரு மாட்டு வியாபாரி, எல்லாவற்றையும் மொத்தமாக அடிமாட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லி வந்து வந்து போய்க்கொண்டிருந்தார். வேலிக்கு வழி செய்ய முடியாவிட்டால் அவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று நாங்களும் மனசுக்குள் ஒப்புக்கொண்டிருந்தோம். புலி வாயில் துடிப்பதைவிட அது மேல் என்றார் வண்டிக்காரர். சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜோகூர் பாருவில் காலமான ஒரு வியாபாரி விட்டுப்போன தருமநிதி ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம், கோயில், அநாதைப் பிள்ளைகள் என்று உதவி செய்வார்கள். அவர்களிடம் கேட்டுப் பார்த்தோம். மனுஷருக்கே கஞ்சி இல்லாத நேரத்தில் மாட்டுக்கா என்று அங்கே சிலர் சிரித்ததாகக் காதில் விழுந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனாலும் யாராவது ஒருவர் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும் என்று மறுபடி கேட்டோம்.

வந்தார் ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, கையில் குடை. காரைச் செம்மண் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, சேற்றில் கால் வைக்க இடம் தேடித் தேடி வந்தார்.

அவர் வந்த நேரம், எங்கள் செவலைப் பசு காலையிலிருந்தே ஈன முடியாமல் கிடந்தது. வரவேற்க யாருக்கும் கை ஒழியவில்லை. பசுவின் தலையை மக்சிக் மடியில் வைத்துக்கொண்டு மலாயில் ஏதோ கொஞ்சிக் கொண்டிருந்தார். வண்டிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கன்னு ஒரு கால மடிச்சிக்கிட்டுக் கெடக்கு மிஸ்ஸி. என் கை உள்ள போவ மாட்டேங்குது. நீங்க பாக்குறீங்களா?"

நான் எத்தனையோ குழந்தைகளை எடுத்திருக்கிறேன். மாட்டுக்குப் பிரசவம் பார்த்ததில்லை. ஆனால் யோசிக்க நேரமில்லை. தோள்வரை சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு, சாணியும் சேறுமான தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கையை உள்ளே விட்டேன். பசு முக்கும்போதெல்லாம் என் கை எலும்பு நொறுங்குவது போல் வலித்தது. வலி விடும் நேரம் பார்த்து, மடிந்திருந்த முழங்காலைப் பின்னால் தள்ளி, சின்னக் குளம்பை உள்ளங்கையால் மூடிப் பிடித்து மெல்ல முன்னுக்குக் கொண்டு வந்தேன். இரண்டு காலும் சேர்ந்து நின்றன. கயிற்றைக் கட்டினோம். வண்டிக்காரரும் நானும் இழுத்தோம். அசையவில்லை. பசு கத்துவதையும் நிறுத்திவிட்டது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"பிள்ளை, நான் எங்க பிடிக்கிறது எண்டு சொல்லுங்கோ."

திரும்பினேன். குடையை எறிந்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார் அந்த யாழ்ப்பாணத்து ஐயா. கோட்டு வேலிக்கம்பில் தொங்கியது. வண்டிக்காரருக்குப் பின்னால் கயிற்றைக் காட்டினேன். பசு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும், கீழ்ப்பக்கமாக இழுக்க வேண்டும் என்று அதட்டினேன். ஆமாம், அதட்டித்தான் சொன்னேன். பிரசவ அறைப் பழக்கம். பதவியில் இருந்தவர், என் தகப்பனார் வயது. சரி சரி என்று தலையாட்டினார்.

மூன்று பேருமாக மூச்சைப் பிடித்து இழுத்தோம். தலை வந்தது. பிறகு ஒரே வழுக்கலில் மொத்தக் கன்றும் வர, ஐயா மல்லாந்து சேற்றில் விழுந்தார். கன்று அவர் மடியில் கிடந்தது. ஆனால் மூச்சு இல்லை.

நான் அதன் மூக்கையும் வாயையும் விரலால் வழித்தேன். தேய்க்கத் துணி என்று கேட்டேன். எட்டித் தம்முடைய வெள்ளைக் கோட்டை இழுத்தார் ஐயா. கொடுக்கக்கூட இல்லை, தாமே தேய்க்க ஆரம்பித்தார். முதுகு, விலா, கழுத்து என்று விடாமல் தேய்த்தார். கன்று திடீரென்று ஒரு தும்மல் போட்டது. அவர் முகமெல்லாம் சளி. அதோடு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து ஒரு கத்தல்.

மக்சிக்தான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. ஐயா சேற்றில் உட்கார்ந்தபடியே கண்ணில் நீர் வழியச் சிரித்தார். செவலை எழுந்து நின்று கன்றை நக்கியது. பக்கத்திலிருந்த அவர் கையையும் சேர்த்து நக்கியது.

குளிக்க இடமும், கட்டிக்கொள்ளத் தம் கணவரின் கட்டம் போட்ட கைலியும் மக்சிக் கொடுத்தார். கைலியோடு உட்கார்ந்து கருப்புக் கோப்பி குடிக்கும்போதுதான் ஐயா உண்மையைச் சொன்னார்.

"இல்லையெண்டு சொல்லத்தான் வந்தனான். கடிதத்தில எழுதினா உங்களுக்கு மனம் நோகும் எண்டு நேரில வந்தன்."

அவர் வேலிக்கம்பங்களைச் சுற்றிப் பார்த்தார். புலி எந்தப் பக்கமாக வருகிறது என்று வண்டிக்காரரிடம் விசாரித்தார். கறக்கும் பாலை என்ன செய்கிறோம் என்று கேட்டார். லயத்தில் மிஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்கு ஊற்றுகிறோம் என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயங்காலமே தருமநிதிக்காரர்களின் கூட்டம். வீட்டுக்குப் போய் உடை மாற்ற நேரமில்லாமல் அந்தக் கைலியோடுதான் அவர் போய் நின்றாராம். சிரித்தவர்களிடம், நீங்களும் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார்களில் வந்து இறங்கினார்கள். கன்று துள்ளித் துள்ளி அவர்கள் வேட்டியை முகர்ந்தது. லயத்துப் பிள்ளைகள் குவளையோடு வரிசையில் நின்றார்கள். வந்தவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பலகை வந்தது, தகரம் வந்தது. லயத்தில் வேலையில்லாமல் இருந்த ஆண்களுக்குத் தருமநிதியிலிருந்தே கூலி கொடுத்து வேலி போடச் சொன்னார்கள். கொட்டகை எழும்பிய அன்று மக்சிக் பெரிய சட்டியில் புளூட் என்கிற ஒட்டரிசியில் கஞ்சி காய்ச்சி, தேங்காய்ப்பால் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார். புலி அதற்குப் பிறகும் வந்தது. வேலியைச் சுற்றிக் காலடி மட்டும் இருக்கும். மாட்டு வியாபாரி வருவதை நிறுத்திக்கொண்டார். ஐயா மட்டும் மாதந்தவறாமல் வருவார். கணக்குப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, நேரே கன்றிடம் போய்விடுவார்.

இன்று என் வீட்டு வாசலில் யாராவது நன்கொடை கேட்டு வந்து நின்றால், கொடுப்பேன் என்றோ மாட்டேன் என்றோ உடனே சொல்வதில்லை; வாங்க, போய்ப் பார்த்துட்டு வரலாம் என்று அவர்களோடு நடக்கிறேன், ஏனென்றால் போய்ப் பக்கத்தில் நின்ற பிறகு இல்லையென்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்று ஒரு பெரிய மனிதரின் முகத்தில் நான் பார்த்தேன்.