ஸ்க்ரீன் அக்கா

ஞாயிறு ஆராதனையில் சபை ஒரு வரியின் கடைசி எழுத்தை இன்னும் வாயில் வைத்திருக்கும்போதே அடுத்த வரி திரையில் வந்து நிற்கும். ஒரு நொடி முந்தினால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். ஒரு நொடி பிந்தினால் எல்லோரும் வார்த்தை தெரியாமல் முனகுவார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், கால் ஆடுகிற ஒரு மேசையில், வாயில் பெப்பர்மின்டை ஒதுக்கிக்கொண்டு லேப்டாப் பொத்தானைத் தட்டும் அந்தப் பெண்மணியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்க்ரீன் அக்கா, அவ்வளவுதான்.

மற்ற நாட்களில் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை. வாடகை ஒப்பந்தம், விடுப்புக் கடிதம், கல்யாணப் பத்திரிகை. நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பாடல்கள்.

பாடல்கள்தான் எவ்வளவு மாறிவிட்டன! முன்பு ஆறு சரணம் இருக்கும். ஆர்கன் இழுக்க இழுக்கச் சபை பின்னாலேயே நடக்கும். இப்போது கண்ணாடித் தடுப்புக்குள் டிரம்ஸ், பாடுகிறவர்கள் காதில் வயர். அந்த வயரில் ‘டொக் டொக்’ என்று ஒரு எண்ணிக்கை ஓடுமாம். மேடைக்கு மட்டும்தான் கேட்கும். ஒரே வரியைப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை பாடுகிறார்கள்.

இதைப் பற்றி அக்காவிடம் குறை சொல்லிவிட்டு யாரும் தப்ப முடியாது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஒருநாள் என் எதிரிலேயே வாயைக் கொடுத்தார்.

“என்னம்மா இது, பாட்டா இடியா? நெஞ்செல்லாம் அதிருது.”

“அதிர்றதாலதான் பெரியப்பா எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டு வந்து சேருது. காது இருக்கறவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

பெரியவர் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

அக்காவின் கணவர் இருபத்தாறு வருடம் நெசவாலையில் வேலை பார்த்தவர். தறிகளின் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கடைசியில் ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை. ஆர்கன் இருந்த காலம் முழுவதும் சபையில் கல்லைப்போல உட்கார்ந்திருந்தார். டிரம்ஸும் ஆளுயர பேஸ் ஸ்பீக்கர் பெட்டியும் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்வரிசையில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. தரை வழியாகத் தாளம் பாதத்தில் ஏறியது. திரையில் சொல் இருந்தது. மனிதர் வாயைத் திறந்துவிட்டார்! பதினோரு வருடத்துக்குப் பிறகு.

சுருதிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. “இருக்கட்டுமே. ஊரே கத்துது, அதுல இவர் கத்துறது யாருக்குத் தெரியும்?” என்பார் அக்கா. சொல்லும்போது குரல் சிரிக்கும்; கண் மட்டும் சிரிக்காது.

பாட்டை நடத்துகிறவர் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் இளைஞர். உருக்கம் வந்துவிட்டால் கணக்கில்லாமல் திருப்பித் திருப்பிப் பாடுவார். அக்கா அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. “மூஞ்சிய நம்ப முடியாது. கண்ணை மூடிக்கும், அழும். குதிகாலைப் பாருங்க. தூக்கினபடியே இருந்தா இன்னொரு தடவை உண்டு. கீழ வச்சாத்தான் முடிக்கப் போறான்னு அர்த்தம்.” இந்தக் குதிகால் கணக்கில்தான் முன்வரிசையில் ஒரு மனிதர் தப்பில்லாமல் பாடிக்கொண்டிருந்தார்.

போன மாதம் அந்த இளைஞர் மேசைக்கு வந்து தயங்கி நின்றார்.

“அக்கா, இனிமே ஸ்க்ரீனையும் டொக் டொக்கோட சேர்த்துட்டோம். நேரம் வந்தா அதுவே மாறிக்கும். நீங்களும் நிம்மதியா உக்காந்து பாடலாம்.”

“எனக்கெதுக்குப்பா நிம்மதி? அவருக்கு வரி தப்பக்கூடாது.”

“கம்ப்யூட்டர் எண்ணிக்கை, அக்கா. தப்பவே தப்பாது.”

“கம்ப்யூட்டர் எண்ணும். நீ எண்ணுவியா?”

இளைஞர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

முதல் ஞாயிறு. அக்கா பழைய இடத்திலேயே, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் கணவருக்கு இரண்டு வரிசை பின்னால். மூன்று பாட்டு தண்ணீர்போல ஓடின. நான்காவதில் ‘என் விலாசம் அறிந்தவரே’ என்ற வரிக்கு வந்ததும் இளைஞருக்கு உருக்கம் வந்துவிட்டது. கையை உயர்த்தினார். டிரம்ஸ் நின்றது. அழுகையோடு, கிசுகிசுப்பாக, அதே வரியைத் திரும்பப் பாடினார். சபை தலை குனிந்தது.

அவர் காலடியில் எண்ணிக்கையை நிறுத்தும் பொத்தான் இருந்தது. அதை அழுத்த அவர் மறந்துவிட்டார்.

எண்ணிக்கை ஓடியது. திரை அடுத்த பாட்டுக்குத் தாவியது. காலுக்கடியில் தாளம் நின்றதால் பாட்டு முடிந்தது என்று நினைத்த கணவர், திரையைப் பார்த்தார். ஊசி விழுந்தால் கேட்கும் அந்த அமைதியில் முழுக் குரலெடுத்துப் பாடினார்:

“குதித்துக் குதித்துத் துதிப்பேன்!”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை போதும். அவர் வாய் பாதியில் மூடியது. அவர் பிடரி சிவந்ததை நான் பார்த்தேன். இனி இந்த மனிதர் எந்தக் காலத்தில் வாயைத் திறப்பார்?

அக்கா பொத்தானைத் தட்டினார். இரண்டு முறை, மூன்று முறை. லேப்டாப் இப்போது அவர் பேச்சைக் கேட்கவில்லை. எழுந்தார். எல்லோரும் பார்க்க, நடுவழியில் நேராக நடந்துபோய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்திருந்த அவர் வலது கையை இழுத்து, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மேடையில் இளைஞர் மறுபடி அந்த வரியைத் தொடங்க, அக்கா அந்த உள்ளங்கையில் விரலால் எழுதினார். என்... விலாசம்... அறிந்தவரே...

கணவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

இளைஞர் மூச்சு இழுத்தார். குதிகால் இன்னும் தூக்கியபடியே இருந்தது. அக்கா முந்தானை நுனியால் அந்த வெறும் உள்ளங்கையை நன்றாகத் துடைத்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார்.