பதினாறு ரூபாய் ஜூஸ் மிஷின்

என் அப்பாவை யாராலும் ஏமாற்ற முடியாது என்று ஒன்பது வயதுவரை நான் நம்பியிருந்தேன். மண்வெட்டி வாங்கப் போனால் கடையிலிருக்கும் அத்தனை மண்வெட்டியையும் சுண்டிச் சத்தம் கேட்பார். குடை வாங்கினால் வெயிலுக்கு நேராக விரித்துப் பிடித்து ஓட்டை தேடுவார். எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையில் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர்கள் அவரையும் கூட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். அப்பேர்ப்பட்டவர் புதுக்கோட்டைப் பொருட்காட்சியில், அத்தனை பேர் பார்க்க ஏமாந்தார். தடுக்கப்போன என் காதைத் திருகினார். அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருஷம் அம்மா மூன்று மாதம் திருமயத்தில், தன் பிறந்த வீட்டில் இருந்தாள். அம்மாவைப் பெற்ற ஆயாவுக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் அப்பாதான் போய் அழைத்துவந்தார். வந்தவள் மிகவும் மெலிந்திருந்தாள். தினமும் சாத்துக்குடிச் சாறு குடிக்கும்படி டாக்டர் சொன்னார். கையால் பிழிந்தால் பாதிச் சாறு தோலோடு போய்விடுகிறது, அதற்கென்று ஏதாவது வாங்கிவிடலாம் என்று அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு பொருட்காட்சிக்குப் போனார்.

முதல் கடையில், நடுவே கூம்பு வைத்த கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அறுத்த பழத்தைக் கூம்பில் கவிழ்த்துத் திருகினால் சாறு சுற்றியுள்ள பள்ளத்தில் இறங்கும். விலை ஒன்றரை ரூபாய். அப்பா அதை விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். கடைக்காரர் பிழிந்து காட்டிய பழத்தின் தோலை வாங்கி, இன்னும் சாறு நிற்கிறதா என்று பிழிந்து பார்த்தார். எட்டணா குறைக்கச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்துவிட்டார். அதாவது, வாங்குவது என்று முடிவாகிவிட்டது.

அதற்குள் அம்மா அடுத்த கடைக்கு நகர்ந்திருந்தாள். அங்கே சிவப்புப் பெயிண்ட் அடித்த, கைப்பிடி வைத்த பெரிய மிஷின் ஒன்று மேசைமேல் நின்றது. கடைக்காரர் ஒரே ஒரு பழத்தை உள்ளே போட்டுக் கைப்பிடியைச் சுற்றினார். ஒரு தம்ளர் நிறையச் சாறு கொட்டியது. கூட்டம் வாயைப் பிளந்தது.

நான் மேசை உயரம்தான் இருந்தேன். அதனால் மற்றவர்கள் காணாத ஒன்று எனக்குத் தெரிந்தது. மேசை விரிப்புக்குக் கீழே ஒரு செம்பு நிறையச் சாறு வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் மிஷினைக் கழுவுவதுபோல் கீழே இறக்கி, அதில் செம்பிலிருந்து ஊற்றிக்கொண்டு மேலே வைத்தார்.

அப்பா கிண்ணத்தின் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததும் அம்மா, "இந்தாங்க, இதை வாங்குவமா?" என்றாள். விலை பதினாறு ரூபாய். அப்பா மிஷினைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தட்டவில்லை, தடவவில்லை. "சரி" என்றார்.

"வேணாம்ப்பா! அடியில செம்பு வச்சு ஊத்துறாரு. நான் பாத்தேன்!" என்று கத்தினேன்.

கூட்டம் சிரித்தது. "பாப்பா வெளையாடுதுங்க" என்று கடைக்காரர் வழிந்தார். நான் விரிப்பைத் தூக்கிக் காட்டக் கை நீட்டினேன். அப்பா என் காதைப் பிடித்துத் திருகினார். "பேசாம இங்கிட்டு வந்து நில்லு." பிறகு ஓரணாகூடக் குறைக்கச் சொல்லாமல் பதினாறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் அந்த மிஷின் இரண்டு பழத்துக்கு அரைத் தம்ளர் கொடுத்தது. விதையும் தோலும் சேர்ந்து அரைபட்டுக் கசந்தது. ஒரு மாதத்தில் கைப்பிடி இறுகிப்போனது. "செம்பு இல்லாம எப்படி வரும்?" என்று நான் தினமும் கேட்டேன். நான் சொன்னது சரி என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே! அப்பா தேங்காய் எண்ணெய் விட்டு, வேர்க்க விறுவிறுக்கச் சுற்றினார். அம்மா முகம் சுளிக்காமல் குடித்தாள்.

எனக்குக் கல்யாணமாகி, புருஷனோடு சண்டை போட்டுப் பெட்டியும் கையுமாக வந்து நின்றபோதுதான் அம்மா வாய் திறந்தாள். அந்த மூன்று மாதமும் ஆயாவுக்கு ஒரு நோயும் இல்லையாம்.

"வீட்டுல எது வாங்கினாலும் அவரு கணக்குத்தான். நான் கேட்டு ஒரு கரண்டி வந்ததில்ல. இனிமே முடியாதுன்னுதான் போனேன்."

"அதுக்கு அந்த ஓட்டை மிஷினையா கேப்ப?"

"செம்பை நானுந்தான்டி பாத்தேன். நல்ல மிஷினா இருந்தா மிஷினுக்காக வாங்குவாரு. அதான் அதைக் கேட்டேன்."

"அப்ப என் காது?" என்றேன். அம்மா சிரித்தாள்.

மிஷின் வாங்கிய அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அம்மா என்னைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு, அப்பா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். என்னைச் சமாதானம் செய்யத்தான் ஜன்னலோரம் கிடைத்தது என்று நினைத்தேன். இதற்கெல்லாம் மசிய மாட்டேன் என்று, ஊர் வரும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டே வந்தேன்.