நடுப்பகல் பெரட்டு

மாசிலாமணி வாத்தியாருக்கு உட்காரத் தெரியாது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் பிள்ளைகளின் சோற்றுச் சட்டிகள்தான் உட்கார்ந்திருக்கும். சொற்களை ஒப்பிக்க வைப்பது அவருக்குப் பிடிக்காது. "சொல்லுன்னா அது காலுக்கும் தெரியணும்" என்பார். தகரத்தைத் தட்டி ஒரு சொல்லைக் கூவுவார். பிள்ளைகள் ஓடிப்போய் அந்தப் பொருளைத் தொட்டு, அதன் பெயரைத் திருப்பிக் கூவ வேண்டும். கல், கதவு, வேலி, வாளி.

ஆடிக் காற்றில் தகரச் சத்தம் எடுபடவில்லை. பொறுமையில்லாத மனிதர், விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்களை அழைக்கும் தப்பு மேளத்தை வாங்கிவந்து, நடுப்பகலில் ஓங்கி அடித்துவிட்டார்.

அவ்வளவுதான். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு இறங்கி ஓடிவந்து, பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நின்றார்கள். பின்னாலேயே அவர்களை வேலை வாங்கும் பெரியண்ணன் கங்காணி மூச்சிரைக்க வந்தார்.

"யாரக் கேட்டு அடிச்சீங்க வாத்தியாரே? குடுங்க அத!"

வாத்தியார் கொடுத்துவிட்டார். ஆனாலும் பெண்கள் அசையவில்லை. பேர் கூப்பிடாமல் பெரட்டிலிருந்து நகர்ந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. பிள்ளைகளோ அடுத்த சொல்லுக்காகக் கால் மாற்றித் துடித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

"அம்மா!" என்று கூவினார்.

பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஆளுக்கொரு இடுப்பைக் கட்டிக்கொண்டு "அம்மா! அம்மா!" என்று கத்தினார்கள். கூடைகள் உருண்டன. பெண்கள் சிரித்தார்கள்.

கங்காணியின் கையில் தப்பு இருந்தது. பெரட்டுதான் இல்லை.